ஷெரினின் இடது கண்

ஜூன் 12, புதன்

இன்று எல்கேஜி பிள்ளைகளுக்குக் கண் பரிசோதனை. நான் மேல் மாடியில் பிளஸ் டூவுக்கு வருகைப்பதிவு எடுத்துக்கொண்டிருந்தேன். ஆயா மூச்சு வாங்க ஏறி வந்து, "டீச்சர், ஒங்க பாப்பா விஷயமா சிஸ்டர் கூப்பிடுதாவ" என்றாள். அடம்பிடித்திருப்பாள், போய் ஒரு அதட்டுப் போடலாம் என்றுதான் இறங்கினேன்.

இடது கண்ணை மூடினால் ஷெரின் சும்மா நிற்கிறாள். வலது கண்ணை மூடினால் கையைத் தட்டிவிட்டு அலறுகிறாள். என் முன்னாலும் செய்து காட்டினார்கள். பரிசோதிக்க வந்தவர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "உள்ள வெள்ளையா இருக்கு மேடம். கேட்ராக்ட் மாதிரி தெரியுது" என்றார்.

"அவளுக்கு மூன்றரை வயசு" என்றேன். அவர் ஏதோ வயதைத் தப்பாக எழுதிவிட்டது போல.

மாவு அரைத்து வைத்தாயிற்று. வீட்டுக்காரர் ரெமி துறைமுகத்திலிருந்து வந்ததும் சொன்னேன். கிரேன் ஓட்டுகிறவர், எவ்வளவு உயரத்திலிருந்து பார்த்தாலும் பதறாத மனிதர். "சரி பாப்போம்" என்றார். அந்த 'பாப்போம்' என்ற சொல்லின் மேல் எனக்கு வந்த கோபத்தில் ரசத்துக்கு உப்புப் போட மறந்துவிட்டேன். அவர் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டார். அதுவும் கோபம்.

ஜூன் 15, சனி

தூத்துக்குடியில் பெரிய ஆஸ்பத்திரி என்று எல்லோரும் சொன்ன இடத்துக்குப் போனோம். டாக்டர் நிமிர்ந்தது டார்ச் அடிக்க மட்டும்தான். "பிறக்கும்போதே லேசா இருந்திருக்கும், இப்ப கூடியிருக்கு. ஆபரேஷன் பண்ணி லென்ஸ் வைக்கணும். தள்ளிப்போடக்கூடாது. மீதியை கவுன்சிலர் சொல்லுவாங்க." அடுத்த ஆள் உள்ளே வந்துவிட்டார்.

கவுன்சிலர் என்கிற பெண் ஒரு பளபளப்பான அட்டையை எங்கள் பக்கம் திருப்பினாள். சில்வர், கோல்டு, பிளாட்டினம். ஒவ்வொன்றுக்கும் கீழே ஒரு தாத்தா சிரித்துக்கொண்டிருந்தார்.

"எது வேணும் மேடம்?"

"பிள்ளைகளுக்குத் தனியா இல்லையா?"

"எல்லாருக்கும் இதே லென்ஸ்தான் மேடம்."

"இது எதுல செஞ்சது? என்ன பொருள்?"

"கோல்டு இம்போர்ட்டட் மேடம்."

"இம்போர்ட்டட்ங்கிறது ஒரு பொருளா?"

"பிளாட்டினம் இன்னும் சாஃப்டா இருக்கும்."

"அல்வா மாதிரியா?"

ரெமி என் முழங்கையைப் பிடித்தார். அந்தப் பெண் கோபப்படவில்லை, பாவம், சிரிக்கத்தான் பழக்கியிருக்கிறார்கள். "டாக்டர் எதை வைக்கச் சொல்றாரு?" என்று கேட்டேன். "அது உங்க சாய்ஸ் மேடம். நீங்க எதைச் சொல்றீங்களோ அதை டாக்டர் வைப்பாரு."

என் சாய்ஸ். என் பிள்ளையின் கண்ணுக்குள் அவள் சாகும்வரை இருக்கப்போகிற ஒன்றை, நான் ஒரு மேஜை முன்னால் உட்கார்ந்து, சேலைக்குக் கரை பார்ப்பது போல விரல் நீட்டிக் காட்ட வேண்டும். படித்த டாக்டர் அடுத்த அறையில் இருக்கிறார். அவருக்கு இதில் அபிப்பிராயம் கிடையாது.

கையெழுத்துப் போடாமல் எழுந்து வந்துவிட்டேன்.

ஜூன் 18, செவ்வாய்

நான் எடுக்கிற கெமிஸ்ட்ரியில் பாலிமர் பாடம் வருடக் கடைசியில்தான் வரும். இன்று ஓய்வு பீரியடில் அதை எடுத்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பாலி மெத்தில் மெத்தாக்ரிலேட், சுருக்கமாக பிஎம்எம்ஏ. விமான ஜன்னல், கடைப் பெயர்ப்பலகை, செயற்கைக் கண் லென்ஸ். இந்த மூன்று பயன்களையும் வருடா வருடம் நோட்ஸாகச் சொல்லி, அடிக்கோடு போடச் சொல்லியிருக்கிறேன். கடைசிப் பயனை ஒரு நாளாவது யோசித்துச் சொல்லியிருப்பேனா?

போனில் தேடிப் படித்தேன். தண்ணீரை இழுக்கும் அக்ரிலிக், தண்ணீரை ஒதுக்கும் அக்ரிலிக், சிலிகான். பெயர்களெல்லாம் எனக்குத் தெரிந்த பாஷை. சங்கிலியை வரைந்து காட்டச் சொன்னால் போர்டில் வரைந்துவிடுவேன். ஆனால் இவற்றில் எது மூன்றரை வயதுக் கண்ணுக்குள் போனால் எப்படி நடந்துகொள்ளும் என்பது எந்த வாய்பாட்டிலும் இல்லை. தெரியாதவளாக இருந்தால் இத்தனை எரிச்சல் வந்திருக்காது. பாதி தெரிகிறது. அதுதான் தூங்கவிடவில்லை.

ரெமி சொன்னது: "பிளாட்டினமே வச்சிருவோம் ஜெசி. வெல கூடுனது நல்லதாத்தான இருக்கும்."

"வெலையா கண்ணுக்குள்ள போகப்போகுது?" என்று கத்திவிட்டேன்.

சாயங்காலம் ரெமியின் அக்கா, ஸ்டெல்லா மதினி, சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள வெஞ்சனம் கொண்டு வந்தாள். ஷெரினை மடியில் வைத்துக்கொண்டு, "ஒரு கண்ணு நல்லாத்தான இருக்கு. அத வச்சிப் படிச்சிருவா, கல்யாணமும் ஆயிரும். பச்சப்பிள்ள கண்ணுல போய் கத்தி வைக்கணுமாக்கும்?" என்றாள்.

ரெமி தரையைப் பார்த்துக்கொண்டு இருந்தார். இல்லை என்று அவர் சொல்லாதது என் காதில் நன்றாகக் கேட்டது.

ஜூன் 22, சனி

மதுரை. சக ஆசிரியை ஒருத்தி சொல்லித்தான் இந்த ஆஸ்பத்திரி. பிள்ளைகளுக்கென்று தனி டாக்டர் இருக்கிறார், பெயர் ஹமீதா. ஐம்பது வயது இருக்கும். அதட்டுகிற குரல். காலையிலிருந்து உட்கார்ந்திருந்ததில் நான் ஏற்கெனவே சண்டைக்குத் தயார். நான் எழுதிக்கொண்டு போன கேள்விகளைப் பார்த்ததும், "கெமிஸ்ட்ரி டீச்சரா? சரி, அப்ப உங்ககிட்ட விவரமாவே சொல்லலாம்" என்றார்.

"உங்க பிஎம்எம்ஏ பழைய ஆளு. மோசமில்ல. ஆனா மடங்காது. அதை வைக்கக் கண்ணைப் பெருசா வெட்டணும், வெட்டுன இடத்தைப் பிள்ளை கசக்கும். மடங்குற அக்ரிலிக்ல ரெண்டு ஜாதி. தண்ணி இழுக்குறதை வயசானவங்களுக்கு வைக்கிறோம், அவங்களுக்கு அனேகமா ஒண்ணும் ஆகாது. ஆனா சிலருக்கு உள்ளேயே சுண்ணாம்பு படிஞ்சு அந்த லென்ஸே வெளுத்துரும். அதுக்குப் பின்னாடி ஜவ்வு படர்றதும் கொஞ்சம் அதிகம். அறுபது வயசுக்காரருக்கு அது வேற கணக்கு. இவளுக்கு இந்த லென்ஸ் எழுபது வருஷம் உழைக்கணும். நான் பிள்ளைங்களுக்குத் தண்ணி இழுக்காத அக்ரிலிக்தான் வைப்பேன்."

"அதை வச்சா கண்ணு சரியாயிருமா?"

"ஆகாது. எதை வச்சாலும் பிள்ளைங்க கண்ணுல பின்னாடி ஜவ்வு வளரப் பாக்கும். அதனால அந்தப் பக்கமும் ஒரு ஜன்னல் வெட்டித்தான் வைப்பேன். கண்ணு வளர வளர பவர் மாறும், கண்ணாடி போட்டே ஆகணும். இதெல்லாம் என் வேலை. பெரிய வேலை உங்களோடது."

இந்தக் கண் சொல்வதைக் கேட்பதை அவளுடைய மூளை எப்போதோ விட்டுவிட்டதாம். நல்ல கண்ணின் மேல் ஒட்டுப்போட்டு மூடினால்தான் மறுபடி கேட்குமாம். தினமும், மாதக்கணக்கில். சில வேளை வருடக்கணக்கில்.

நான் பேனாவை எடுத்தேன். "எந்த லென்ஸ்னு எங்க கையெழுத்துப் போடணும்?"

"அதுக்கு நீங்க எதுக்கு? ஆபரேஷனுக்கு மட்டும் சம்மதம் சொல்லுங்க. லென்ஸ் என் பொறுப்பு."

பஸ்ஸில் திரும்பும்போது அருப்புக்கோட்டை வரைக்கும் கோபமாகவே வந்தேன். இந்த ஒரு வார்த்தையைச் சொல்லும் ஆளைத் தேடி இவ்வளவு தூரம் வரவேண்டியிருக்கிறது.

ஜூலை 2, செவ்வாய்

ஆபரேஷன் நடக்கவில்லை.

விடியற்காலையிலிருந்து பிள்ளைக்குத் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. பக்கத்துப் படுக்கையில் யாரோ பன் தின்றதைப் பார்த்து, "எனக்கு ஒரே ஒரு வாய்" என்று என்னிடம் கை நீட்டினாள். முகத்தைத் திருப்பிக்கொண்டேன். பச்சை அங்கி மாட்டி, முடியைக் கட்டி, கண்ணில் சொட்டு விட்டு, எல்லாம் ஆன பிறகு டாக்டர் ஹமீதா வெளியே வந்தார்.

"இன்னைக்குப் பண்ணல. அவ பவருக்கு நான் கேட்ட லென்ஸ் வரல. ஸ்டோர்ல அதே பவர்ல தண்ணி இழுக்குறதை அனுப்பியிருக்காங்க. அதை இவளுக்கு வைக்க மாட்டேன். அடுத்த செவ்வாய் வாங்க."

நான் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். வராந்தா முழுக்கத் திரும்பிப் பார்த்தது. என்ன சொன்னேன் என்று இங்கே எழுத வேண்டியதில்லை, அத்தனையும் நியாயம். பட்டினி போட்ட பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நிற்கிறவளிடம் சாவகாசமாக அடுத்த செவ்வாய் என்றால்?

அந்த அம்மா ஓடி ஒளியவில்லை. நான் முடிக்கும்வரை நின்று கேட்டுக்கொண்டார். பிறகு, "முதல்ல பாத்திருக்கணும், அது எங்க தப்புதான். ஆனா இன்னைக்கு நான் ஒத்துக்கிட்டிருந்தா நீங்க எனக்கு நன்றி சொல்லிட்டுப் போயிருப்பீங்க. பின்னாடி திட்டப்போறது இவளாத்தான் இருக்கும்" என்றார். நர்சிடம், "பாப்பாவுக்கு முதல்ல பால் குடுங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

ஜூலை 3, புதன்

துணி துவைத்தேன். ரெமியிடம் காலையிலிருந்து பேசவில்லை. தானாகவே வந்து சொல்கிறார்:

"அந்த அம்மாவ ஏன் வையுத? நீதான, 'இருக்கத வச்சி விடுங்க, எதா இருந்தா என்ன'ன்னு கத்துன. அவுக இல்லன்னா நேத்தே அது உள்ள போயிருக்கும்."

நான் அப்படிச் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் அந்த அர்த்தத்தில் சொல்லவில்லை.

ஜூலை 9, செவ்வாய்

முடிந்தது.

டாக்டர் வெளியே வந்து, லென்ஸ் வந்த டப்பாவை என் கையில் தந்தார். "படிச்சுப் பாருங்க டீச்சர், என்ன பொருள்னு." கண்ணாடி எடுத்து வரவில்லை, எழுத்துத் தெரியவில்லை என்று சொல்லி ரெமியிடம் கொடுத்துவிட்டேன். ரெமி எழுத்துக்கூட்டிப் படித்தார். அந்த அம்மா தலையாட்டிவிட்டுப் போனார்.

நான் கண்ணாடி போடுகிறவள் இல்லை.

ஜூலை 13, சனி

சொட்டு மருந்து. மறுபடி சொட்டு மருந்து. ஒருவர் காலைப் பிடிக்க ஒருவர் தலையைப் பிடிக்க. என் குரல் கேட்டாலே கட்டிலுக்கு அடியில் போய்விடுகிறாள்.

ஜூலை 27, சனி

கண்ணாடி வந்துவிட்டது. இன்று முதல் ஒட்டு.

வலது கண்ணில் ஒட்டினேன், பிய்த்தாள். ஒட்டினேன், பிய்த்தாள். கையைப் பிடித்துக்கொண்டு ஒட்டினேன். சுவரைத் தடவிக்கொண்டு நடந்து போய், அலமாரியில் முட்டி, அங்கேயே உட்கார்ந்துகொண்டாள். "வெளக்கப் போடும்மா" என்கிறாள். நடுப்பகல்.

"அம்மா கெட்டவ. அம்மா வேண்டாம்."

சரி. கெட்டவளாக இருந்துவிட்டுப் போகிறேன்.

ஆகஸ்ட் 1, வியாழன்

நான் வேலைக்குப் போகிற நேரம் ஒட்டுக்குப் பொறுப்பு ரெமி. இரவுப்பணி கேட்டு வாங்கிக்கொண்டு, மதியம் பிள்ளையைக் கூட்டி வந்து வைத்துக்கொள்கிறார். அவரிடம் அழுவதே இல்லையாம். "எங்கிட்ட சமத்தாத்தான் இருக்கா" என்கிறார். என்னிடம் மட்டும் பிசாசாக இருக்கிறாள் என்று இதற்கு அர்த்தம்.

ஆகஸ்ட் 5, திங்கள்

பனிமய மாதா கோயில் திருவிழா. ஊருக்கே விடுமுறை. எனக்குப் பேப்பர் திருத்த இருந்தது. ரெமி ஷெரினை அக்கா குடும்பத்தோடு கூட்டிக்கொண்டு போனார். ஒட்டோடுதான் அனுப்பினேன். கூட்டத்துக்குள் போகாமல் வெளியே தெருவோரம் நின்று பார்க்கச் சொல்லியிருந்தேன்.

மத்தியானம் ஸ்டெல்லா மதினி வைத்திருந்த வாட்ஸ்அப் ஸ்டேட்டஸைப் பார்த்தேன். அப்பா தோளில் ஷெரின், கையில் பலூன். கண்ணாடிக்குப் பின்னால் இரண்டு கண்ணும் திறந்திருக்கின்றன.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

நேற்று அதற்கு மேல் எழுதவில்லை.

திருவிழாவுக்கு மட்டும் எடுக்கவில்லையாம். முதல் நாளிலிருந்தே. மதியம் அவளைக் கூட்டிக்கொண்டு ஸ்கூல் கேட்டைத் தாண்டியதும் எடுத்துவிடுவாராம். நான் வருகிற நேரத்துக்குப் புதிது ஒட்டிவிடுவாராம். ஷெரின்தான் சொன்னாள். அப்பாவும் அவளும் சேர்ந்து வைத்திருந்த ரகசியம்.

என்னென்ன பாத்திரம் கீழே விழுந்தது என்று நினைவில்லை. "நீங்க பிள்ளைய கொஞ்சல, குருடாக்குதீங்க" என்று சொன்னேன். இதை எழுதும்போதும் திருத்தத் தோன்றவில்லை.

அவர் கதவுநிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். "அவ தடவித் தடவி நடக்கா ஜெசி. வாசல் எங்க இருக்குன்னு எங்கிட்ட கேக்கா. ஒனக்குக் கோவம் வருது, ஒட்டிருத. எனக்குக் கோவம் வர மாட்டேங்குது. நான் என்ன செய்யட்டும்?"

கோபம் வந்தால் எல்லாம் எளிது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

ரெமி அவளை ஒட்டோடு துறைமுகச் சாலைக்குக் கூட்டிப்போனார். நான் நம்பாமல் பின்னாலேயே போனேன். வேவு பார்க்கத்தான், வேறு எதற்கும் இல்லை.

சாலையோரம் ஒரு வேப்பமர நிழலில் அவளைத் தோளில் உட்காரவைத்துக்கொண்டு நின்றார். டிரெய்லர் லாரிகள் கண்டெய்னரை ஏற்றிக்கொண்டு வரிசையாகப் போகின்றன. அவர் தினமும் தூக்கி இறக்குகிற பெட்டிகள்.

"என்ன கலரு?"

"தெரியல."

"பக்கத்துல வரட்டும். இப்ப?"

"செவப்பு!"

"அப்பா கப்பல்ல ஏத்தப்போற பெட்டி அது. அடுத்தது?"

"நீலம். இல்ல… பச்ச. அப்பா, பச்ச!"

வீட்டுச் சுவர் அளவு இருப்பது அவள் கண்ணுக்குத் தெரிகிறது. ஒட்டைப் பிய்க்க அவளுக்கு நேரமில்லை, அடுத்த லாரி வந்துவிடுகிறது.

இதைப் பற்றி எனக்கு ஒரு அபிப்பிராயமும் இல்லை. வெயில் அதிகம். நாளைக்குத் தொப்பி வாங்க வேண்டும்.

ஆகஸ்ட் 24, சனி

இப்போது சாலையின் எதிர்ப்பக்கம் நிற்கிறார்கள். தூரம் கூட்டியிருக்கிறாராம். கண்டெய்னர் மேல் உட்கார்ந்திருந்த காக்காயைக் கண்டுபிடித்தாள் என்று ரெமி சொன்னார். நான் பார்க்கவில்லை, அதனால் நம்பவில்லை.

செப்டம்பர் 14, சனி

மதுரை. படம் போட்ட அட்டையை வைத்துப் பார்த்தார்கள். வீடு, ஆப்பிள், குடை. ஆபரேஷனுக்கு முன் முகத்துக்கு நேராகக் காட்டிய விரலையே எண்ணாத கண் இது. முழுப் பார்வைக்கு ஆறில் ஆறு என்பார்கள்; இன்று ஆறில் பதினெட்டு வரிசை வரை சொன்னாள். டாக்டர் ஹமீதா மேஜையைத் தட்டினார். "நல்லா வந்திருக்கு. இன்னும் ஏறும். வலது கண்ணு அளவுக்கு வராமலும் போகலாம், அதுக்கும் தயாரா இருங்க. ஒட்டை மட்டும் விட்றாதீங்க."

மருந்துக்காகக் காத்திருந்தபோது பக்கத்தில் சாயல்குடிக்காரர் ஒருவர். மீன் ஏலம் எடுக்கிறவர். அவர் மகனுக்கு ஏழு வயது. வேறு ஊரில் போன வருடமே ஆபரேஷன் செய்துவிட்டார்கள். உள்ளே வைத்த லென்ஸே வெளுத்துவிட்டதாம். அதை எடுத்துவிட்டு வேறு வைக்க முடியுமா என்று பார்க்க வந்திருக்கிறார்.

"அங்க ஒரு அட்டையக் காட்டிக் கேட்டாகம்மா, எது வேணும்னு. எங்கிட்டதான கேட்டாக. நாந்தான கையக் காட்டுனேன்." மகனின் தலையைத் தடவிக்கொண்டே இருந்தார். "நாந்தான காட்டுனேன்."

இவ்வளவு நாள் வந்தது கோபமே இல்லை. இன்றுதான் கோபம் என்றால் என்னவென்று தெரிந்தது. அந்த மனிதர் யாரையும் திட்டவில்லை. அட்டையைத் திருப்பியவளை, அடுத்த அறையில் தலை நிமிராமல் இருந்தவரை, ஒருவரையும். எல்லாவற்றையும் தன் ஒரு விரல் மேல் ஏற்றி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அட்டை எதற்காக இருக்கிறது என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது.

"அண்ணாச்சி, அது ஒங்க தப்பு இல்ல" என்றேன். "அவங்க ஒங்ககிட்ட கேட்டதே தப்பு. கேட்டிருக்கவே கூடாது."

"அப்படியாம்மா?"

"நான் கெமிஸ்ட்ரி டீச்சர். எனக்கே தெரியாது."

நம்பினாரா தெரியவில்லை. பையனின் பெயரைக் கூப்பிட்டார்கள், எழுந்து போனார்.

செப்டம்பர் 22, ஞாயிறு

காலையில் மீன் அலசிக்கொண்டிருந்தேன். சாளை. ரெமி இரவுப்பணி முடிந்து தூங்குகிறார். அந்த சாயல்குடிக்காரர் நினைவாகவே இருந்தது. மனதுக்குள் அந்த டாக்டரோடு, அந்த அட்டையோடு, உலகத்தில் இருக்கிற எல்லோரோடும் சண்டை போட்டுக்கொண்டிருந்தேன்.

ஷெரின் முன்னறையில், வாசல்படிக்குப் பக்கத்தில், தரையில் உட்கார்ந்து பென்சிலால் கிறுக்கிக்கொண்டிருந்தாள். எனக்கும் அவளுக்கும் நடுவில் ஒரு முழு அறை. தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள்.

"அம்மா, ஏன் கோவமா இருக்க?"

"நான் ஒண்ணும் கோவமா இல்ல. எழுது."

"இருக்க. மூஞ்சி இப்பிடி இருக்கு." புருவத்தைச் சுருக்கி, உதட்டைப் பிதுக்கிக் காட்டினாள். நான்தான். அப்படியே நான்.

அப்புறம்தான் உறைத்தது. நான் வாயே திறக்கவில்லை. ஒரு பாத்திரத்தைக்கூட டொக்கென்று வைக்கவில்லை.

கையைச் சேலையில் துடைத்துக்கொண்டே ஓடினேன். வலது கண்ணின் ஒட்டைச் சுற்றிலும் விரலால் தடவிப் பார்த்தேன். மூக்குப் பக்கம், புருவப் பக்கம், கன்னத்துப் பக்கம். இடுக்கே இல்லை. காலையில் நானே ஒட்டியது, நன்றாகப் பிடித்திருந்தது.

"மீனு நாத்தம், போ" என்று என் கையைத் தள்ளினாள்.

திரும்பி நடந்து, பழைய இடத்திலேயே போய் நின்றேன். முதுகு சுவரில் முட்டும்வரை.

"இப்ப அம்மா எப்படி இருக்கா?"

"கோவம்."

பல்லைக் காட்டினேன். "இப்ப?"

கண்ணாடியை மூக்கின் மேல் தள்ளிவிட்டுக்கொண்டு, இடது கண்ணால், நன்றாக, நேரம் எடுத்துப் பார்த்தாள்.

"சிரிக்க. ஆனா அழுவுத."